பளுப் பயிற்சியில் ஆய்வும் அனுபவமும்: எந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கிறது?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் சேரும் இளைஞர்களுக்கு இன்று ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) எடுக்கும்போது முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்கிறார் மாஸ்டர். தாண்டலாம், ஆய்வே சொல்லிவிட்டது என்கிறது கைப்பேசியில் ஓடும் காணொளி. எடையை ஏற்றிக்கொண்டே போனால்தான் தசை வளரும் என்கிறார் ஒருவர். குறைந்த எடையிலும் வளரும் என்கிறது இன்னொரு செய்தி. போதாக்குறைக்கு, 2024 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டுதல்களில், உடலைப் பெருக்குவதற்காகப் புரதப் பொடி உட்கொள்வதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தது. பொடி இல்லாமல் உடம்பு ஏறாது என்றே கேட்டுப் பழகியவர்கள் இதனால் குழம்பியதில் வியப்பில்லை.

இதைப் படித்தவருக்கும் பழகியவருக்கும் இடையிலான சண்டையாகப் பார்ப்பவர்கள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். உண்மையில், ஆய்வு பதில் சொல்லக்கூடிய கேள்விகள் ஒரு வகை; பயிற்றுநரின் அனுபவம் பதில் சொல்லக்கூடியவை இன்னொரு வகை. கேள்வி எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொண்டால், முரண்பாடு என்று தோன்றுவதில் பெரும்பகுதி கரைந்துவிடும். எஞ்சியிருக்கும் பகுதியில்தான் யாரோ ஒருவர் தவறாக இருக்கிறார். அது சில சமயம் மாஸ்டர், சில சமயம் ஆய்வாளர்.

வலிமை வேறு, பருமன் வேறு

குழப்பத்தின் முதல் வேர், 'உடம்பு ஏறுவது' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மாற்றங்களை அடைத்துவிடுவதுதான். ஒன்று வலிமை: ஒரு தசைத்தொகுதி ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையால் அது அளக்கப்படுகிறது. மற்றது தசைப் பருமன்: ஸ்கேன் எடுத்தோ, அளவு நாடாவால் சுற்றியோ அளக்கப்படுவது. இரண்டும் தொடர்புடையவை, ஆனால் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

மோரிட்டானி, டெவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடும் வலிமைக்குப் பெரும்பாலும் நரம்புகளே காரணம். மூளையிலிருந்து வரும் கட்டளைக்குத் தசையின் கூடுதலான இழைகள் ஒரே நேரத்தில் இயங்கப் பழகிக்கொள்கின்றன. தசை பருத்து அதனால் வலிமை கூடுவது மூன்று முதல் ஐந்து வாரங்களுக்குப் பிறகே மேலோங்குகிறது. எனவே புதிதாகச் சேர்ந்த ஒருவர் முதல் மாதத்திலேயே பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் எடையைத் தூக்கும் பயிற்சி) இருபுறமும் எடைத் தட்டு கூட்டிவிட்டு, கையின் சுற்றளவு மாறவில்லையே என்று மனம் தளர்வதற்குக் காரணமில்லை.

எடையை ஏற்றுவதா, எண்ணிக்கையைக் கூட்டுவதா என்ற விவாதமும் இங்கேயே தீர்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்கள் தங்கள் கால்களுக்குப் பத்து வாரம் பயிற்சி எடுத்தார்கள். சில கால்களுக்கு உச்ச எடையில் 30 விழுக்காடு, சில கால்களுக்கு 80 விழுக்காடு. எந்த எடையானாலும் இனி ஒரு முறைகூட முடியாது என்னும் வரை தூக்க வேண்டும். தொடைத் தசை இரண்டு வகையிலும் ஏறத்தாழ ஒரே அளவு பருத்தது. ஆனால் ஒரே முறை தூக்கும் உச்ச எடை, கனமான எடையில் பயின்ற கால்களில்தான் அதிகம் உயர்ந்தது. பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளும் இதையே உறுதி செய்தன. ஆக, 'குறைந்த எடையிலும் வளரும்' என்ற செய்தியும் 'கனமாகத் தூக்கினால்தான் பலம்' என்ற மாஸ்டரின் சொல்லும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முன்னது பருமனைப் பற்றியது, பின்னது வலிமையைப் பற்றியது. செய்தித் தலைப்பு எழுதியவர் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டார் என்பதே சிக்கல்.

ஆய்வு எப்படி அறிகிறது, எங்கே நின்றுவிடுகிறது

நல்ல ஆய்வு செய்யும் வேலை ஒன்றே: ஒரு மாற்றத்துக்குக் காரணம் இதுதானா, அல்லது இது இல்லாவிட்டாலும் அது நடந்திருக்குமா என்று பிரித்துக் காட்டுவது. அதற்காக ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்குப் புதிய பயிற்சி. மற்றது ஒப்பீட்டுக்கான குழு. வயது, உணவு, உறக்கம், ஆர்வம் ஆகியவை இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகிவிடுவதால், முடிவில் தெரியும் வேறுபாட்டுக்குப் பயிற்சியையே காரணமாகக் கொள்ள முடிகிறது. எந்தத் தனிமனிதரின் அனுபவமும் இந்த ஒப்பீட்டைத் தராது. ஏனெனில் ஒருவர் ஒரே ஆண்டை இரண்டு விதமாக வாழ்ந்து பார்க்க முடியாது.

ஆனாலும் ஆய்வை வாசிக்கும்போது நான்கு வரம்புகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1. ஆட்கள். உடற்பயிற்சி ஆய்வுகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை வைத்து நடப்பவை. உலகெங்கும் அப்படித்தான், உடற்கல்வித் துறைகளில் ஆராய்ச்சி மாணவருக்கு எளிதில் கிடைப்பவர்கள் சக மாணவர்களே. இருபது வயது மாணவருக்குக் கிடைத்த பலன், நாள் முழுதும் சித்தாள் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஜிம்முக்கு வரும் நாற்பது வயதுக்காரருக்கும் அப்படியே கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது.

2. காலம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் என்பதே வழக்கமான ஆய்வுக் காலம். பத்து ஆண்டு பளு தூக்கிய தோளுக்கு என்ன ஆகும் என்பதை அதில் காண முடியாது.

3. சராசரி. இது மிக முக்கியமானது என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 585 ஆண்களும் பெண்களும் பன்னிரண்டு வாரம் ஒரே திட்டத்தில், ஒரு கைக்கு மட்டும் பயிற்சி எடுத்தார்கள். தசைப் பருமனில் ஏற்பட்ட மாற்றம், 2 விழுக்காடு குறைவு என்பதிலிருந்து 59 விழுக்காடு கூடுதல் என்பது வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. வலிமையில் சிலருக்கு எதுவுமே கூடவில்லை; ஒருவருக்கு 250 விழுக்காடு கூடியது. பயிற்சித் திட்டம் ஒன்றே, கண்காணிப்பும் ஒன்றே. அப்படியானால் 'இந்தப் பயிற்சியால் சராசரியாக இவ்வளவு வளரும்' என்ற ஒற்றை எண், உங்கள் முன்னால் நிற்கும் ஒருவரைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது.

4. சூழல். ஆய்வுக்கூடத்தில் வெப்பம் கட்டுக்குள் இருக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் நடக்கும் பயிற்சியில், அதே எடைக்கு இதயத் துடிப்பு கூடுதலாக எகிறும். செட்டுக்கும் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) செட்டுக்கும் இடையே தேவைப்படும் ஓய்வும் நீளும்.

அனுபவம் எப்படி அறிகிறது

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், இளைஞர்கள் தூக்கித் தங்கள் வலிமையைக் காட்டிய இளவட்டக்கல்லை இன்றும் பார்க்கலாம். உருண்டையாக, வழுவழுப்பாக, விரல் பற்றுவதற்கு ஒரு விளிம்புகூட இல்லாமல் கிடக்கும். அதைத் தூக்கத் தெரிந்தவர் நேராகக் குனிந்து இழுப்பதில்லை. உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, கால்களை அகட்டிக் குத்துக்காலிட்டு, கல்லை முதலில் தொடைக்கு உருட்டி ஏற்றி, மடியில் வைத்துக் கட்டிப்பிடித்து, மார்போடு அணைத்தபடி எழுந்து, பிறகு தோளுக்குத் தள்ளுவார். கல்லை உடலோடு ஒட்டி வைத்தால் முதுகெலும்பின் அடிப்பகுதியில் விழும் திருப்புவிசை (வளைத்துத் திருப்பப் பார்க்கும் விசை) குறையும் என்பது இயந்திரவியல். அந்த விதியைக் கேள்விப்படாதவர்களும் கல்லை அப்படித்தான் தூக்கினார்கள்; வேறு விதமாகத் தூக்கியவர்களின் இடுப்பு பிடித்துக்கொண்டதைப் பார்த்தே இந்த முறை கைமாறி வந்திருக்கிறது.

அனுபவ அறிவின் பலம் இதுதான். அது உடலின் அசைவைக் கண்ணால் படிக்கிறது. தவறு நடந்த கணத்திலேயே திருத்துகிறது. நல்ல மாஸ்டர் ஒருவர், பார்பெல் மேலே வரும் வேகம் குறைவதைப் பார்த்தே, இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்று அறிந்து பக்கத்தில் வந்து நிற்பார். அவர் கவனிப்பவை எந்த ஆய்வறிக்கையிலும் இல்லை. பயிற்சிக்கு வந்த ஒருவர் முதல் நாள் இரவு கல்யாண வீட்டில் விடிய விடிய வேலை பார்த்தவர். இன்னொருவருக்கு வலது தோளில் பழைய அடி உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போகும் நகரத்தார் வீட்டுப் பிள்ளைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் கால் பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்பதும் மாஸ்டருக்குத் தெரியும். நீண்ட தாங்குதிறன் பயிற்சியும் கனமான பளுப் பயிற்சியும் சேர்ந்தால் வலிமையின் வளர்ச்சி தடைப்படும் என்பதை ராபர்ட் ஹிக்சன் 1980-இல் ஆய்வாகக் காட்டினார். ஆனால் இந்தப் பையனுக்கு இந்த வாரம் எத்தனை செட்டைக் குறைப்பது என்று ஹிக்சனால் சொல்ல முடியாது.

இளவட்டக்கல்லே அனுபவத்தின் குறையையும் காட்டுகிறது. ஒரு கல்லின் எடை ஒன்றுதான். இன்று தூக்க முடியாதவர் நாளை இரண்டரைக் கிலோ கூட்டிப் பழகும் வழி அதில் இல்லை. யாரிடம் வலிமை இருக்கிறது என்று அது சோதித்தது. வலிமையை எப்படிப் படிப்படியாக வளர்ப்பது என்பது அந்தச் சோதனைக்கு வெளியே இருந்தது. தூக்கியவர்களின் பேர் ஊரில் நின்றது. முயன்று முதுகைக் கெடுத்துக்கொண்டவர்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

பயிற்றுநரின் நினைவும் இப்படியே இயங்குகிறது. கணக்கெழுதுவதில் பேர்பெற்ற இந்த மண்ணில் ஒரு வட்டிக்கடைக்காரர் வரவை மட்டும் பேரேட்டில் ஏற்றி, வராக்கடனை எழுதாமலே விட்டால், ஐந்தொகை போடும்போது கடை எப்போதும் லாபத்தில்தான் இருக்கும். 'என்னிடம் வந்த பையன்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள்' என்று சொல்லும் பயிற்றுநர் பொய் சொல்லவில்லை. இரண்டாம் மாதமே நின்றுவிட்டவர்கள் அவர் கணக்கில் இல்லை, அவ்வளவே. இது தவிர மூன்று மயக்கங்கள் அனுபவத்தைத் தொடர்ந்து ஏமாற்றுகின்றன.

1. பருவ வளர்ச்சி. பதினாறு வயதில் சேர்ந்து பதினெட்டில் அகன்ற தோளோடு நிற்கும் பையனுக்கு, அந்தத் தோளில் ஒரு பங்கு வயது தந்தது.

2. தொடக்கக்கால ஏற்றம். பயிற்சியே செய்யாதவருக்கு முதல் சில மாதங்களில் எந்தத் திட்டமும் பலன் தரும். அதனால் எல்லாத் திட்டங்களும் சிறந்தவையாகத் தோன்றும்.

3. பயிற்றுநரின் உடல். மாஸ்டரின் கட்டுமஸ்தான உடலையே அவர் சொல்வதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது மிகவும் இயல்பு; மிகவும் ஆபத்தும்கூட. ஷாலேந்தர் பாசின் என்ற மருத்துவரின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினருக்குப் பத்து வாரம் வாரந்தோறும் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போடப்பட்டது. அவர்கள் பளுவே தூக்கவில்லை. அவர்களது கொழுப்பு நீங்கிய உடல் எடை 3.2 கிலோ கூடியது. மருந்தில்லாமல் முறையாகப் பளு தூக்கியவர்களுக்கு 1.9 கிலோதான் கூடியது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 6.1 கிலோ. ஊசி போட்டுச் சும்மா இருந்தவர், ஊசியின்றி உழைத்தவரை முந்திவிட்டார் என்றால், மேடையில் நிற்கும் ஓர் உடலைப் பார்த்து அது எந்தப் பயிற்சியால் வந்தது என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகளை ஜிம்முக்கு அனுப்பும் பெற்றோர் அனைவரும் இந்த எண்களை அறிந்திருக்க வேண்டும். அந்த ஆய்வு மருத்துவர்களின் கண்காணிப்பில் நடந்தது. கள்ளத்தனமாக விற்கப்படும் ஊசிகளோ இதயத்துக்கும் கல்லீரலுக்கும் விந்தணு உற்பத்திக்கும் இழைக்கும் தீங்கை யாரும் கண்காணிப்பதில்லை.

இரு தரப்பும் தவறிய வரலாறு

பளு தூக்கினால் தசை இறுகி, கை கால் வேகம் கெட்டுவிடும் என்பது இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பெரும்பாலான விளையாட்டுப் பயிற்றுநர்களின் உறுதியான நம்பிக்கை. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்த பீட்டர் கார்ப்போவிச்சும் அதே கருத்தில் இருந்தார். 1940-இல் ஜான் கிரிமெக், ஜான் டேவிஸ் ஆகிய பளுவீரர்கள் அங்கே வந்து தங்கள் நெகிழ்வையும் வேகத்தையும் நேரில் காட்டியபோது அவருக்கு ஐயம் எழுந்தது. அவரும் அவர் மாணவர் ஸோர்பாஸும் பளு தூக்கும் 300 பேரையும் தூக்காத 300 பேரையும் ஒப்பிட்டு 1951-இல் முடிவை வெளியிட்டார்கள்: கையைச் சுழற்றும் வேகத்தில் பளு தூக்குவோரே முந்தினார்கள். தாம் நம்பியதற்கு மாறான முடிவைத் தாமே அளந்து வெளியிட்ட அந்த நேர்மை மதிக்கத்தக்கது.

முழங்கால் விஷயத்தில் கதை தலைகீழ். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் 1961-இல், முழுமையாக உட்கார்ந்து எழும் ஸ்குவாட் முழங்கால் தசைநார்களைத் தளர்த்துகிறது என்று தாமே வடிவமைத்த கருவியால் அளந்து அறிவித்தார். பள்ளிகளிலும் படைப் பயிற்சியிலும் அந்த அச்சம் பரவியது. பளுதூக்கும் பயிற்றுநர்கள் தங்கள் வீரர்கள் நாள்தோறும் அடிவரை உட்கார்ந்தும் முழங்கால் கெடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பின்னர் 1989-இல் வெளியான ஓர் ஆய்வு உட்பட, மீண்டும் அளந்தவர்களுக்கு அந்தத் தளர்ச்சி கிடைக்கவில்லை. பஸ்கி எடுத்தும், தரையில் சம்மணமிட்டும், குத்துக்காலிட்டும் வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்த அச்சமே புதிது.

கால்விரலைத் தாண்டும் முழங்காலைப் பொறுத்தவரை, 2003-இல் ஃப்ரை என்பவரின் குழு ஒரு பலகையை முன்னால் நிறுத்தி முழங்காலைத் தடுத்துப் பார்த்தது. முழங்காலில் விழுந்த திருப்புவிசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. ஆனால் இடுப்பு மூட்டில் அது 28-இலிருந்து 303 ஆக ஏறியது. ஆக, மாஸ்டர் சொல்வதில் உண்மை உண்டு, முழங்காலின் சுமை குறைகிறது. ஆனால் சுமை மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முழங்கால் வலியோடு வருபவருக்குச் சில காலம் அந்த விதி உதவும். இடுப்பிலும் கீழ்முதுகிலும் தொல்லை உள்ளவருக்கு அதே விதி தீங்கு செய்யும். எல்லாருக்கும் ஒரே கட்டளையாகச் சொல்லும்போதுதான் அது தவறாகிறது.

ஆய்வுலகம் தன் நம்பகத்தை இழந்த இன்னொரு நிகழ்வையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் அமைப்பு 1977-இல், தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு மருந்துகள் விளையாட்டுத் திறனைக் கூட்டுகின்றன என்பதற்கு முடிவான சான்று இல்லை என்று அறிவித்தது. சான்று போதவில்லை என்பது, பலன் இல்லை என்று பொருள்படும்படி பரவியது. மருந்தின் விளைவைத் தம் உடலிலேயே கண்டவர்கள் அதைக் கேட்டபின், அதே நிபுணர்கள் சொன்ன ஆபத்துகளையும் நம்ப மறுத்தார்கள். அமைப்பு 1980-களில் தன் நிலையைத் திருத்திக்கொண்டது. ஆனால் 'டாக்டர்களுக்கு ஒன்றும் தெரியாது' என்ற சொல் இன்றும் ஜிம்களில் ஒலிப்பதற்கு அந்தப் பழைய அறிவிப்பும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

புரதப் பொடி: எண்களை வைத்துப் பார்த்தால்

உணவு வழிகாட்டுதல் பொதுமக்கள் அனைவருக்கும் எழுதப்பட்டது. பளு தூக்குவோர் அதில் ஒரு சிறு பகுதி. பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 0.83 கிராம் தரமான புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பரிந்துரை. பளுப் பயிற்சி செய்வோரைப் பற்றி 2018-இல் வெளியான தொகுப்பாய்வு 49 ஆய்வுகளையும் 1,863 பேரையும் உள்ளடக்கியது. கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடத் தசை வளர்ச்சியும் சற்றுக் கூடுகிறது, அதற்கு மேல் கூடுவதில்லை என்பது அதன் முடிவு. கூடுதல் புரதம் தந்த சராசரிப் பலன் கொழுப்பு நீங்கிய எடையில் 0.3 கிலோ மட்டுமே. மிச்சமெல்லாம் பயிற்சி தந்தது.

60 கிலோ எடையுள்ள இளைஞருக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைத் தேவை 50 கிராம். பளுப் பயிற்சிக்கான உச்ச அளவு 96 கிராம். நான்கு முட்டையில் 24 கிராம், எலும்பில்லாத கோழிக்கறி 150 கிராமில் 30 கிராம், அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த பாலில் 12 கிராம், சாம்பாருக்குப் போகும் 50 கிராம் துவரம்பருப்பில் 11 கிராம், 50 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 9 கிராம். கூட்டினால் 86, மீதத்தை இட்லியும் சோறும் தந்துவிடும். கறி சாப்பிடாத வீட்டில் இது கடினம், அங்கே பாலும் தயிரும் பருப்பும் கூட வேண்டியிருக்கும். சிலருக்குப் பொடி வசதியாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று வேளையும் சோற்றையும் குழம்பையும் மட்டுமே உண்ணும் பையனிடம், சாப்பாட்டைக் கேட்காமல் டப்பாவை நீட்டுவது அவன் குடும்பத்தின் பணத்தை வீணாக்குவதாகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அனுபவம் சான்றாக மாறும் வழி

இரண்டையும் இணைத்தவர் ஒருவரிடமிருந்தே நவீன பளுப் பயிற்சி தொடங்குகிறது. தாமஸ் டெலோர்ம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர். தாமே பளு தூக்கிப் பழகியவர். காயம்பட்ட வீரர்களின் கால்களுக்கு அன்று கொடுக்கப்பட்டது இலகுவான எடையும் ஏராளமான எண்ணிக்கையும். அவர் அதை மாற்றிக் கனமான எடையும் குறைந்த எண்ணிக்கையும் கொடுத்து, முடிவுகளை எழுதி வைத்து 1945-இல் வெளியிட்டார். முதலில் ஏழு முதல் பத்து செட் என்றவர், நோயாளிகளின் குறிப்புகளைத் தொடர்ந்து பார்த்து, 1948-இல் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து மூன்று செட்டே போதும் என்று திருத்தினார். இன்று காரைக்குடி ஜிம் அட்டையில் எழுதப்படும் 'பத்து பத்தாக மூன்று செட்' அங்கிருந்து வந்தது. பளு தூக்கிய அனுபவத்திலிருந்து அவருக்கு யோசனை பிறந்தது. எழுதி வைத்ததால் அது அறிவியலானது.

மருத்துவத்தில் இதற்கு ஒரு தெளிவான வரையறை உண்டு. டேவிட் சாக்கெட்டும் உடனிருந்தவர்களும் 1996-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், சான்றுவழி மருத்துவம் என்பது கிடைக்கும் சிறந்த ஆய்வுச் சான்றை மருத்துவரின் தனிப்பட்ட தேர்ச்சியோடு இணைப்பது என்று எழுதினார்கள். இரண்டில் எதுவும் தனியாகப் போதாது என்பதை அவர்கள் வலியுறுத்தினார்கள். அதைப் பளுப் பயிற்சிக்குப் பொருத்தினால் வேலைப் பிரிவினை இப்படி அமையும்.

1. 'இது பலன் தருமா, இதனால் தீங்கு வருமா?' என்ற கேள்வி ஆய்வைச் சேர்ந்தது. பொடி, மாத்திரை, ஊசி, இடுப்புக் கொழுப்பை மட்டும் கரைக்கும் பயிற்சி ஆகியவற்றில் மாஸ்டரின் அனுபவத்தைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

2. 'இவருக்கு, இன்று, எவ்வளவு?' என்ற கேள்வி பயிற்றுநரைச் சேர்ந்தது. ஆய்வு தரும் எண் தொடக்கப்புள்ளி மட்டுமே.

3. 'இவருக்குப் பலன் கிடைக்கிறதா?' என்ற கேள்விக்கு இருவரிடமும் பதில் இல்லை, குறிப்பேட்டில் இருக்கிறது. தேதி, எடை, எண்ணிக்கை, உறக்கம், வலி என ஐந்து கட்டம் போட்ட நாற்பது பக்க நோட்டு போதும். எட்டு வாரமாக எண்கள் அசையவில்லை என்றால், திட்டம் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் இவருக்கு மாற்ற வேண்டும்.

விட்டுப்போனவர்களையும் சேர்த்து இப்படி எழுதி வைக்கும் ஒரு மாஸ்டரின் சொல்லுக்கு, எழுதாத பத்து மாஸ்டர்களின் சொல்லைவிட எடை அதிகம்.

ஆய்வு முந்திச் சென்ற ஓர் இடம்: முதியோர்

செட்டிநாட்டுக்கு மிகவும் தேவைப்படும் பகுதி இதுதான், இங்கே மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீடுகளில் ஆச்சியும் ஐயாவும் மட்டும் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த வீடுகளில் வாசற்படியும் நிலைப்படியும் உயரம். முற்றத்தில் இறங்க வேண்டும், ஏற வேண்டும். முதுமையில் தொடைத் தசை மெலிந்தால் முதலில் போவது இந்தப் படிகளைக் கடக்கும் துணிவு. பிறகு விழுதல், இடுப்பெலும்பு முறிதல், படுக்கை.

வயதானவர்கள் நடந்தால் போதும், பளுவைத் தொடக் கூடாது என்பதே அனுபவத்தின் அறிவுரையாக இருந்து வந்தது. தொண்ணூறு வயதுக்காரருக்குக் கனமான பயிற்சி கொடுத்த அனுபவமே யாருக்கும் இல்லாததால், அது தவறு என்று அனுபவத்தால் கண்டுபிடிக்க வழியும் இருக்கவில்லை. மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறை ஒட்டிய வயதுடைய பத்துப் பேரைக் கொண்டு அதைச் செய்து பார்த்து 1990-இல் வெளியிட்டார். எட்டு வாரம், வாரம் மூன்று நாள், உச்ச எடையில் 80 விழுக்காடு வரை படிப்படியாக ஏற்றம். முழுமையாகச் செய்து முடித்த ஒன்பது பேரின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்திலேயே அதில் ஒரு பகுதியை இழந்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1994-இல் அவரது குழுவே 100 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்விலும் வலிமையும் நடைவேகமும் கூடின. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்கள் அனைவருக்கும், முதியோர் உட்பட, வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

இதை நம் ஊரில் நடைமுறைக்குக் கொண்டுவருவது பயிற்றுநரின் கையில் இருக்கிறது. இங்கே அவருடைய கண்ணும் பொறுமையும் இல்லாமல் எந்த ஆய்வும் பயன்படாது. முதலில் மருத்துவரிடம் இரத்த அழுத்தமும் இதயமும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு சுவரோரம் போட்ட, கை வைத்த நாற்காலி ஒன்றில் மடித்த இரண்டு போர்வைகளை விரித்து உயரம் கூட்டி, கையை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. பத்து முறை சிரமமில்லாமல் முடிந்த வாரத்தில் ஒரு போர்வையை எடுத்துவிடலாம், அடுத்து இன்னொன்றை, அதன் பிறகு மார்போடு அணைத்த ஒரு கிலோ அரிசிப் பை, பின்னர் இரண்டு கிலோ. முழங்காலில் வலி வந்தால் போர்வையைத் திரும்பப் போட வேண்டும், நாளையும் தேதியையும் எழுத வேண்டும், பயிற்சியை விட்டுவிடக் கூடாது.